பையில் இன்னொரு சட்டை, கையில் கயிறு: எல்லாத்துக்கும் போன்தான் காரணமா?

பகுதி: வீடும் பிள்ளைகளும் › பத்து வயசு முதல் பத்தொன்பது வரை

சி_ஷிப்ட் | ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். கடலூர்க்காரன். சிப்காட் பக்கம் ஒரு ஆலையில ஷிப்ட் வேலை, மேல போட்டிருக்கிற பேரே சொல்லிடும். ஒரே பையன், பத்தாவது, 15 வயசு. ஆறேழு மாசமா ஆளே வேற மாதிரி ஆயிட்டான். சண்டை போட்டாக்கூடப் பரவாயில்லன்னு இருக்கு. அதுவும் இல்ல. வீட்டுக்குள்ள ஒரு வாடகைக்காரன் மாதிரி வந்து போயினு இருக்கான்.

முதல்ல முடி. ரெண்டு பக்கமும் ஒட்ட வழிச்சுட்டு மேல மட்டும் குருவிக்கூடு. அடுத்தது பேச்சு. எங்க வீட்டுல 'இன்னாடா பண்ணினு இருக்க'ன்னுதான் பேசுவோம். இவன் அவங்கம்மாவையே 'ப்ரோ'ன்றான். அப்புறம் பேரு. எங்கப்பா ஆசையா வெச்ச வீட்டுப்பேரு ஒண்ணு இருக்கு. வாசல்ல யாராவது நிக்கும்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டா அவனுக்குக் காது கேக்காது.

போன வாரம் ஸ்கூல் பையைத் துவைக்கலாம்னு வீட்டம்மா கொட்டினா, அடியில ஒரு கறுப்பு டீசர்ட்டு சுருட்டி வெச்சிருக்கு. கூட சின்னதா ஒரு சென்ட் பாட்டில். ஸ்பெஷல் கிளாஸ்னு சொல்ற நாள்ல பாதி நாள், சட்டையை மாத்திக்கினு சில்வர் பீச்சுல உக்காந்திருக்கானுங்க.

அதைக்கூட விட்டுடலாம். தை அஞ்சு ஆத்துத் திருவிழாவுக்குப் பெண்ணையாத்துக்குப் போனோம். நான் சுருளிக்கிழங்கு வாங்கினு திரும்புறேன், இருபதடி தள்ளி இவன். கூட நாலு பேரு. அஞ்சு தலையும் ஒரே வெட்டு. அஞ்சு கையிலயும் ரெண்டு நிறத்துல பின்னின கயிறு. என்னைப் பார்த்தான். நல்லா பார்த்தான். பார்த்துட்டு, யாரோ ஒரு ஆளு நிக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டான். கிழங்குப் பொட்டலத்தோட அப்படியே நின்னேன்.

மார்ச்சுல பப்ளிக். போனைப் பிடுங்கிடலாமா? ஹாஸ்டல்ல போடலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

நேரா_பேசறேன் | திங்கள், காலை 7.05

இதுக்கு எதுக்கு இவ்ளோ யோசனை? பிடுங்குங்க. 2020 ஜூன் கடைசியில டிக்டாக்கைத் தடை பண்ணாங்க, அடுத்த மாசமே அதே ஆட்டத்தை ரீல்ஸ்னு வேற கடை விரிச்சாச்சு. நம்ம ஊரு தெருவுல வளர்ற பையனுக்கு அந்த முடி, அந்த 'ப்ரோ' எங்கேர்ந்து வந்துச்சுன்னு நெனைக்கிறீங்க? ஆஸ்திரேலியாவுல 2025 டிசம்பர் 10லேர்ந்து, 16 வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க இன்ஸ்டா, யூடியூப் மாதிரி இடத்துல கணக்கே வெச்சுக்கக் கூடாதுன்னு சட்டம் அமலுக்கு வந்திருக்கு. அவங்க என்ன முட்டாளா?

கத்திரிக்காரன் | திங்கள், பகல் 2.40

அண்ணே, திருப்பாப்புலியூர்ல சலூன் வெச்சிருக்கேன். இருபத்திரண்டு வருஷமாச்சு. உங்க பையன் தலையை நானே வெட்டியிருக்கலாம், கோச்சுக்காதீங்க.

மத்தியானம் கூட்டம் இல்ல, அதனால ஒரு விஷயம் எழுதுறேன். இந்த வயசுப் பசங்க தனியா வர மாட்டானுங்க. மூணு பேரு, நாலு பேரு. ஒருத்தன்தான் வெட்டிக்குவான், மத்தவனுங்க பெஞ்சுல. வந்ததும் போன்ல ஒரு போட்டோ காட்டுவான், நேரா_பேசறேன் சொல்றது அந்த மட்டும் சரி. ஆனா போட்டோவை எனக்குக் காட்டுறதுக்கு முன்னாடி பெஞ்சுக்குக் காட்டிருப்பான். பெஞ்சு தலையாட்டினாத்தான் மிஷின் ஆன் பண்ணுவேன். 'அண்ணா, லைன் போடுங்க', 'அண்ணா, இன்னும் மேல ஏத்துங்க'ன்னு சொல்றது நாற்காலியில இருக்கிறவன் இல்ல, பெஞ்சு.

வெட்டி முடிச்சு, பிரஷ் போட்டு, துணியை எடுத்து உதறுவேன். பெரியவங்கன்னா அந்த நேரம் கண்ணாடியப் பாப்பாங்க. தலையை இப்படி அப்படித் திருப்பி, கிருதா சரியா இருக்கான்னு தடவிப் பாப்பாங்க. இந்தப் பசங்க கண்ணாடியப் பாக்கவே மாட்டானுங்க. நாற்காலியச் சுத்தித் திரும்பி பெஞ்சுல இருக்கிறவன் மூஞ்சியத்தான் பாப்பானுங்க. அவன் சிரிச்சான்னா இவனும் சிரிப்பான். அவன் ஒரு நொடி பேசாம இருந்தான்னா போச்சு, காசு குடுக்கும்போது கை நடுங்கும். நான் எவ்ளோ நல்லா வெட்டினாலும் அதுக்கு மதிப்பு இல்ல.

மறுநாள் அப்பா ஒருத்தர் கையைப் பிடிச்சு இழுத்துனு வந்து 'போலீஸ் கட்டிங் அடி'ம்பாரு. அடிப்பேன். அப்பவும் பையன் கண்ணாடியப் பாக்க மாட்டான். ரோட்டைப் பாப்பான், தெரிஞ்சவன் எவனாவது போறானான்னு.

கேட்பவள் | திங்கள், இரவு 9.15

கத்திரிக்காரன் அண்ணா எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். நான் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசகரா வேலை பார்க்கிறேன். புதுச்சேரியிலும் கடலூரிலும் சில பள்ளிகளுக்குப் போவேன். நீங்க பெஞ்சுன்னு சொன்னதை ஆய்வுக்கூடத்துல வெச்சே பார்த்திருக்காங்க.

2005ல மார்கோ கார்ட்னர், லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல 306 பேரை வெச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. கம்ப்யூட்டர்ல கார் ஓட்டுற விளையாட்டு. மஞ்ச விளக்கு விழும். எவ்ளோ தூரம் போறோமோ அவ்ளோ பாயிண்ட், ஆனா சிவப்பு விழுறதுக்குள்ள நிறுத்தலைன்னா மோதி எல்லாம் போயிடும். 13லேர்ந்து 16 வயசு ஒரு குழு, 18லேர்ந்து 22 ஒரு குழு, 24க்கு மேல ஒரு குழு. தனியா ஓட்டினப்போ குழுக்களுக்கு நடுவுல பெரிய வித்தியாசம் இல்ல. கூட ரெண்டு சேக்காளிங்களை உக்கார வெச்சதும் சின்னப் பிள்ளைங்க எடுத்த ஆபத்து ஏறக்குறைய ரெண்டு மடங்கு ஆச்சு. 24 தாண்டினவங்க எப்பவும் போலவே ஓட்டினாங்க.

ஆபத்து தெரியாம செய்யுறாங்கன்னு நாம நெனைக்கிறோம். தெரியும். பாராட்டு, பரிசு இதுக்கெல்லாம் துள்ளுற மூளைப் பகுதி பருவம் வந்ததுமே முழு வேகத்துல ஓட ஆரம்பிக்குது. நெத்திக்குப் பின்னால இருக்கிற, 'கொஞ்சம் பொறு'ன்னு சொல்ற பகுதி இருபத்தஞ்சு வயசு வாக்குலதான் முழுசா முதிரும். நடுவுல பத்து வருஷம், ஆக்சிலரேட்டர் புதுசு, பிரேக் இன்னும் ஒர்க்‌ஷாப்புல.

டேவிட் எல்கைண்ட்னு ஒரு உளவியலாளர் 1967லயே இன்னொண்ணு சொன்னார். இந்த வயசுல எப்பவும் ஒரு கூட்டம் தன்னையே பாத்துக்கிட்டு இருக்கிற மாதிரி ஒரு நெனப்பு இருக்கும். கற்பனைப் பார்வையாளர்கள்னு அதுக்குப் பேரு வெச்சார். முகப்பரு ஒண்ணு வந்தா பஸ்ஸே அதைப் பாக்குதுன்னு தோணும். முன்னாடி அது கற்பனை. போன் வந்த பிறகு எத்தனை பேர் பாத்தாங்கன்னு கீழ நம்பரே போட்டுக் காட்டுது.

அதனால சி_ஷிப்ட் சார், போனைப் பிடுங்கினா பெஞ்சு காணாமப் போகாது. பள்ளிக்கூட வாசல்ல இருக்கும். பிடுங்கணும்னா ராத்திரி பத்து மணிக்கு வாங்கி ஹால்ல சார்ஜ் போடுங்க, அதுக்கு மட்டும் நான் கட்சி. 13லேர்ந்து 18 வயசுக்கு 8லேர்ந்து 10 மணி நேரத் தூக்கம் வேணும். பருவம் வந்தா தூக்கம் வர்ற நேரமே இயற்கையா தள்ளிப் போயிடும், சில பிள்ளைகளுக்கு ரெண்டு மணி நேரம் வரைக்கும். நாமளோ காலை அஞ்சரைக்கு டியூஷன் வெக்கிறோம். பாதிக் கோவம், பாதி முகத்திருப்பல், வெறும் தூக்கக் கடன்.

நேரா_பேசறேன் | திங்கள், இரவு 9.50

அமெரிக்காவுல கார் விளையாட்டு ஆடினா இங்க பெண்ணையாத்துல அப்பனைத் தெரியாத மாதிரி நிக்கலாமா? எங்க காலத்துல சேக்காளி இல்லையா? பெல்ட்டு ஒண்ணுதான் இருந்துச்சு வீட்டுல. அப்பா இடுப்புலயும் இருக்கும், எங்க முதுகுலயும் இருக்கும். ஒழுங்காத்தானே வளந்தோம்.

கத்திரிக்காரன் | திங்கள், இரவு 9.58

தெரியும்ணே. அந்தக் காலத்து ஸ்டெப் கட்டிங்கு எங்கப்பா கைல வெட்டிக்கினு, வீட்டுக்குத் தெரியாம இருக்க எண்ணெய் வெச்சுப் படிய வாரினு போனவங்க நெறைய பேரு.

பழைய_வாத்தியார் | செவ்வாய், காலை 6.30

நான் புதுச்சேரியில் 31 ஆண்டுகள் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். போனுக்கு முன்பு சினிமாவைத் திட்டினோம். அதற்கு முன்பு என்னைப் போன்றவர்களின் அப்பாக்கள் ரேடியோவைத் திட்டினார்கள். அந்த வாதத்துக்குள் போகவில்லை. எங்கள் ஊருக்கே உரிய ஒன்றைச் சொல்கிறேன்.

புதுச்சேரியில் சொல்தா வீடுகள் என்று சொல்வோம். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர்களின் குடும்பங்கள். 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சுக்காரர் ஆட்சியை ஒப்படைத்தாலும், ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது 1962 ஆகஸ்ட் 16. அப்போது ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு அது நிலைத்தது. எழுதிக் கொடுத்த தாத்தாவின் ஒரு கையெழுத்தில் மூன்று தலைமுறைக்கு வழி தீர்மானமாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில் என் வகுப்பில் அப்படி ஒரு பையன். கணக்கில் கெட்டிக்காரன். ஒன்பதாம் வகுப்பில் நோட்டையே திறப்பதில்லை. ஏன் என்று கேட்டால், "எனக்கு நேஷனாலிட்டி இருக்கு சார்." பதினெட்டு ஆனதும் விமானம், பிறகு பட்டாளம், பிறகு பென்ஷன். அவன் எதையும் தேட வேண்டியிருக்கவில்லை. போனான். இருபது வருஷம் கழித்து ஒரு டிசம்பரில் கடற்கரைச் சாலையில் பார்த்தேன். நல்ல கோட்டு, நல்ல கார். அரை மணி நேரம் பேசினான். "அங்க என்னைப் பாண்டிச்சேரிக்காரன்றாங்க, இங்க பிரான்சுக்காரன்றாங்க. நான் யாருன்னு பதினாறுல யோசிச்சிருக்கணும், சார். நாப்பதுல யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றான்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966இல் இந்த 'நான் யார்' என்ற தேடலை நான்கு நிலைகளாகப் பிரித்தார். ஆசிரியப் பயிற்சியில் மனப்பாடம் செய்து மறந்துபோயிருந்தேன். அன்றைக்கு ராத்திரிதான் புரிந்தது. எதைப் பற்றியும் அக்கறையில்லாமல் மிதப்பவர்கள் உண்டு. தேடிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. தேடி முடித்து நின்றவர்கள் உண்டு. தேடாமலேயே அப்பாவோ ஊரோ கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் நான்காவது. நாம் 'நல்ல பிள்ளை' என்று கொண்டாடுவது பெரும்பாலும் இந்த நான்காவது கூட்டத்தைத்தான்.

சி_ஷிப்ட் அவர்களே, உங்கள் பையன் முடியை மாற்றுகிறான், பேச்சை மாற்றுகிறான், வீட்டுப்பேரை உதறுகிறான். தேடுகிறான் என்று எடுத்துக்கொள்கிறேன், அதில் எனக்குக் கவலை இல்லை. அந்தக் கயிறு மட்டும் உறுத்துகிறது. அது யாரோ முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. எந்த நிறம் என்று இங்கே எழுத வேண்டாம். எழுதினால் இந்த உரையாடல் இழை எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

லாஸ்பேட்டைப்பொண்ணு | செவ்வாய், காலை 11.10

எனக்கு 19. ஸோ இந்த இழையில ஆராயப்படுற ஜந்து நான்தான்.

அங்கிள், ஆத்துத் திருவிழாவுல அவன் திரும்பிக்கிட்டதை மனசுல வெச்சுக்காதீங்க. அப்பாகூட இருக்கும்போது ஒரு ஆளா இருப்போம், ஃப்ரெண்ட்ஸ்கூட வேற ஒரு ஆளு. ரெண்டு கூட்டமும் திடீர்னு ஒரே இடத்துல வந்துட்டா எந்த ஆளா நிக்கணும்னே தெரியாது. நான் ப்ளஸ் ஒன் படிக்கும்போது எங்கம்மா டிபன் பாக்ஸ் குடுக்க கிளாஸ் வாசலுக்கே வந்துட்டாங்க. 'யாருடி அது'ன்னு ஒருத்தி கேட்டா. 'பக்கத்து வீட்டு ஆன்ட்டி'ன்னு சொல்லிட்டேன். மூணு வருஷம் ஆச்சு. அம்மாகிட்ட இன்னும் சொல்லல.

போன் பத்தி. எனக்கு ரெண்டு ஐடி இருந்துச்சு. ஒண்ணுல சித்தப்பா, மாமா, டியூஷன் மிஸ், எல்லாரும். அதுல ஒயிட் டவுன் மஞ்ச சுவர் முன்னாடி சுடிதார்ல நிக்கிற போட்டோ, பொங்கல் கோலம். இன்னொண்ணுல 23 பேர்தான். அழுத நாள், மார்க் கம்மியான நாள், எல்லாம் அதுல. எது நிஜ நான்னு கேட்டா அப்பவும் தெரியாது, இப்பவும் தெரியாது. ஆனா கெட்டது வெளியூர் ரீல்ஸ்லேர்ந்து வந்துச்சுன்னு சொல்ல முடியல. என் நிறத்தைப் பத்தி முதல்ல பேசினது இன்ஸ்டா இல்ல. எங்க அத்தை. 'பொண்ணு கறுத்துட்டா'ன்னு ஒவ்வொரு லீவுக்கும். ஃபில்டர் அப்புறமாத்தான் வந்துச்சு. அத்தை போட்ட ரோட்டுல அது வண்டி ஓட்டுச்சு, அவ்ளோதான்.

என்னை மாத்தினது ஒண்ணு இருக்குன்னா உப்பளம் ஸ்டேடியம். எட்டாவதுலேர்ந்து 800 மீட்டர் ஓடினேன். கோச் ஒரு அம்மா. ஊர்ல எல்லாரும் என் உடம்பைப் பத்தி ஒவ்வொண்ணு சொல்வாங்க. அவங்க சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: ரெண்டாவது ரவுண்டுல தோள் தூக்குது, இறக்கு. என்னைப் பாக்கிற ஒரு ஆளுக்கு என் தோள் மட்டும் தெரிஞ்சுது, அது எவ்ளோ நிம்மதின்னு சொல்லத் தெரியல.

இன்னொண்ணு, எங்க அண்ணனுக்குப் பதினாறுல பைக் கிடைச்சுது, எனக்கு ஆறு மணிக்குள்ள வீடுன்னு டைம் கிடைச்சுது. பையன் மாறிட்டான்னு இழை போடுறாங்க. பொண்ணுங்க மாறினா யாரும் இழை போட மாட்டாங்க, ஜாதகம் எடுப்பாங்க.

தேவனாம்பட்டினம்_அக்கா | செவ்வாய், பகல் 3.30

அந்த சென்ட் பாட்டிலைப் பத்தி யாருமே ஒண்ணும் சொல்லலியே. எங்க வூட்டுக்காரரு போட்டுக்குப் போறவரு. நான் மீன் விக்கிறேன். எம் பையன் ஏழாவது வரைக்கும் ஒழுங்காப் போனான். எட்டாவதுல டவுனு பள்ளிக்கூடத்துக்கு மாத்தினோம். ஒரு மாசத்துல சோப்பு ரெண்டு மடங்கு கரையுது. காலையில நான் கூடையைத் தொட்டுட்டேன்னா என் கையால தலை வாரிக்க மாட்டான், சாப்பாட்டு டப்பாவை நான் கட்டக் கூடாது. அப்புறம்தான் தெரிஞ்சுது, பக்கத்துல உக்கார்ற பையன் ஒருநாள் மூக்கைப் பிடிச்சுக் காட்டியிருக்கான். ஒரு தடவைதான். வாத்தியாரும் பாத்து சிரிச்சாராம்.

அவனுக்குத் தெரியாம நானே ஒரு சென்ட்டு வாங்கிப் பையில வெச்சேன். வேற என்ன பண்றதுன்னு தெரியல. இப்போ பாலிடெக்னிக் படிக்கிறான். லீவுக்கு வந்தா வலை பின்றான், அப்பாவோட. சென்ட்டு இன்னும் போடுறான். அண்ணே, உங்க பையன் பாட்டில் எதுக்குன்னு கேட்டுப் பாத்தீங்களா?

கன்னியக்கோயில் | செவ்வாய், மாலை 6.45

பார்டர்ல குடியிருக்கிறவன் ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுல சரக்கு வாங்க 21 வயசு ஆகணும், எங்க புதுச்சேரிப் பக்கம் 18 போதும். நடுவுல முள்ளோடைன்னு ஒரு எல்லை ஊரு, அவ்ளோதான். சனிக்கிழமை சாயந்திரம் கடலூர் நம்பர் பிளேட்டா வந்துனு இருக்கும். பதினேழு வயசுப் பையன் கடைக்குள்ள வர மாட்டான், வெளிய வண்டியில இருப்பான். உள்ள போறவன் 'அண்ணன்' ஒருத்தன் இருப்பான். அந்த அண்ணன் யாருன்னு பெத்தவங்க தெரிஞ்சுக்கணும், அது போன் பாஸ்வேர்டைவிட முக்கியம்.

பைக் குடுக்காதீங்க. 2019ல மோட்டார் வாகனச் சட்டத்துல 199ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்தாங்க. பதினெட்டு ஆகாத பிள்ளை வண்டி ஓட்டி மாட்டினா பெத்தவங்களுக்கு அல்லது வண்டிக்காரருக்கு 25,000 ரூபா அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயில், வண்டிப் பதிவு 12 மாசம் ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயசு ஆகுற வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. மத்ததெல்லாம் பெரியவங்க பேசினு இருக்கீங்க, எனக்குத் தெரிஞ்சது இதுதான்.

சி_ஷிப்ட் | செவ்வாய், இரவு 8.20

எல்லாருக்கும் நன்றி. பைக் குடுக்கல, ஆனா கேட்டுனுதான் இருக்கான். அக்கா, சென்ட் எதுக்குன்னு கேக்கல. கேக்கணும்னே தோணல, பிடுங்கி ஒளிச்சு வெச்சுட்டேன். கயிறு சாமிக் கயிறுன்னு நெனச்சேன். வாத்தியார் ஐயா ஏன் அதைப் பிடிச்சுக்கிட்டாருன்னு புரியல.

கத்திரிக்காரன் | செவ்வாய், இரவு 9.30

அண்ணே, இன்னிக்குக் கடை லீவு, அதான் ஆற அமர எழுதுறேன். புரியலைன்னு சொல்றீங்க, நான் சொல்றேன்.

நாற்காலியில உக்கார வெச்சுத் துணி போர்த்தும்போது ரெண்டு கையையும் உள்ள விடணும். அப்போ மணிக்கட்டு என் கண்ணுல படும். சாமிக் கயிறு தெரியும், கறுப்பு, சிவப்பு, நைஞ்சு போயிருக்கும். இது வேற. புதுசா, மொத்தமா, ரெண்டு மூணு நிறத்துல. எந்த நிறம் எந்தத் தெருன்னு எனக்கே அத்துப்படி ஆயிடுச்சு. ஒரு நிறம் போட்டவன் உள்ள இருந்தா இன்னொரு நிறம் போட்டவன் படியில காலை வெச்சுட்டு, 'அப்புறம் வரேண்ணா'ன்னு போயிடுவான். போன வருஷம் வரைக்கும் அந்த ரெண்டு பசங்களும் ஒரே சைக்கிள்ல வந்தவனுங்க.

எங்க தாத்தா காலத்துல எந்தத் தலையைத் தொடலாம், எந்தத் தலையைத் தொடக் கூடாதுன்னு ஊர்ல கட்டு இருந்துச்சு. அது பொறுக்காமத்தான் எங்கப்பா ஊரை விட்டு டவுனுக்கு வந்து கடை போட்டாரு. எவன் வந்தாலும் ஒரே நாற்காலின்னு. அந்தக் கட்டு இப்போ பதினஞ்சு வயசுப் பையன் கையில ஏறி என் கடைப்படி வரைக்கும் வந்துடுச்சு.

[ஒரு பதிவு நீக்கப்பட்டது. சாதிப் பெயர்களைக் குறிப்பிட்டு எழுத வேண்டாம். மீண்டும் நடந்தால் இழை பூட்டப்படும். — நெறியாளர்]

பழைய_வாத்தியார் | செவ்வாய், இரவு 10.05

நன்றி, நெறியாளர். விஷயம் புதிதல்ல. 2019லேயே தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறை சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு பற்றிச் சுற்றறிக்கை அனுப்பியது. 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு நீதியரசர் சந்துரு தலைமையில் குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தார். கயிறு, மோதிரம், நெற்றியில் சாதி காட்டும் குறி கூடாது என்பது பரிந்துரைகளில் ஒன்று. சாதியைக் காட்டும்படி வண்ணம் தீட்டிய சைக்கிளில் பள்ளிக்கு வரக் கூடாது என்பதும் அதில் உண்டு. கயிறு கட்டிய பையன்கள் யாரும் அதை வீட்டிலிருந்து ஒளித்து எடுத்து வரவில்லை என்பது என் அனுபவம். டீசர்ட்டைத்தான் ஒளிக்கிறார்கள்.

லாஸ்பேட்டைப்பொண்ணு | செவ்வாய், இரவு 10.20

அங்கிள், தப்பா நெனைக்காதீங்க. உங்க வண்டியில என்ன ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு?

நேரா_பேசறேன் | செவ்வாய், இரவு 10.31

இது அதிகப்பிரசங்கித்தனம்.

சி_ஷிப்ட் | வெள்ளி, காலை 8.10

மூணு நாள் இந்தப் பக்கம் வரல. அந்தப் பொண்ணு கேட்டதுக்குக் கோவம் வந்துச்சு, உண்மையச் சொல்றேன்.

வண்டி முன்னாடி எங்க சங்கத் தலைவர் படம். பின்னாடி மட்கார்டுல ரெண்டு கலர்ல பட்டை. நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு கல்யாணத்துல குடுத்தாங்க. மண்டபத்து வாசல்லயே எல்லாரும் ஒட்டினாங்க, நானும் ஒட்டினேன். பெருசா பற்றெல்லாம் ஒண்ணும் கிடையாது. ஒட்டாம வந்தா என்னாடா இவன்னு பாப்பாங்கன்னுதான். இதை டைப் அடிக்கும்போதுதான் கத்திரிக்காரன் தம்பி எழுதின பெஞ்சு ஞாபகம் வருது.

நேத்து நைட் ஷிப்ட் முடிச்சு ஏழு மணிக்கு வந்தேன். பையன் பம்புல பல்லு விளக்கினு இருந்தான். கத்தாம கேட்டேன். கயிறு எங்கடா வாங்கினன்னு. ஆத்துத் திருவிழாக் கடையில, முப்பது ரூபான்னான். அஞ்சு பேரும் வாங்கினாங்களாம். 'எதுக்குன்னு தெரியுமா'ன்னேன். பல் விளக்குறதை நிறுத்தாமலே வண்டியைக் காட்டி, 'அந்தக் கலர்தானேப்பா, நீ ஒண்ணும் சொல்ல மாட்டன்னு நெனச்சேன்'னான்.

அன்னிக்கு ஏண்டா திரும்பிக்கினன்னு கேட்டேன். வாத்தியார் ஐயா, கேட்பவள் மேடம், மன்னிக்கணும், பெரிய காரணமெல்லாம் இல்ல. ஒளிச்சு வெச்ச டீசர்ட்டைப் போட்டிருந்தானாம். மாட்டிக்கினோம்னு பயந்து திரும்பிக்கினானாம்.

சென்ட் பாட்டிலைத் திருப்பிக் குடுத்தேன். எதுக்குன்னும் கேட்டேன். சொல்ல மாட்டேன்னுட்டான். காது சிவந்துடுச்சு. விட்டுட்டேன்.

சாயந்திரம் உக்காந்து ஸ்டிக்கரை நகத்தால சுரண்டினேன். வெயில்ல காய்ஞ்சு நாலு வருஷப் பசை, லேசுல வரல. தலைவர் பாதி வந்துட்டாரு, மீசை மட்டும் ஒட்டினு நிக்குது. அது முழுசா இருந்ததைவிடக் கேவலமா இருக்கு. பையன் வந்து பாத்தான், சிரிச்சான், ஒண்ணும் சொல்லல. கயிறு இன்னும் அவன் கையிலதான் இருக்கு, நானும் அவுக்கச் சொல்லல. ஞாயித்துக்கிழமை மச்சான் வீட்டுக் காதுகுத்து. நம்ம ஆளுங்க எல்லாரும் வருவாங்க. வண்டியை எங்க நிறுத்துறதுன்னு இப்பவே யோசிச்சினு இருக்கேன்.

கேட்பவள் | வெள்ளி, காலை 8.55

மன்னிப்பெல்லாம் வேண்டாம் சார். காது சிவந்ததுக்கு எங்க பாடத்துல தனியா ஒரு அத்தியாயமே இருக்கு, அதை இன்னொரு இழையில வெச்சுக்கலாம். பையன் என்னிக்காவது ரொம்ப ஒடுங்கிப் போன மாதிரி தெரிஞ்சா 14416க்குப் போன் பண்ணுங்க, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. இப்போதைக்குத் தேவைப்படுற மாதிரி எனக்குத் தெரியல.

கத்திரிக்காரன் | வெள்ளி, காலை 9.20

அண்ணே, நகத்தால சுரண்டாதீங்க, பெயின்ட் போயிடும். பிளேடும் வெக்காதீங்க. ஹேர் ட்ரையரை ரெண்டு நிமிஷம் பக்கத்துல பிடிச்சா பசை இளகிடும், ஒரு ஓரத்துலேர்ந்து உரிச்சா முழுசா வரும். மிச்சப் பிசுக்குக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொடச்சாப் போதும். வண்டியை எடுத்துனு கடைக்கு வாங்க, நானே எடுத்துத் தரேன். பையனையும் கூட்டினு வாங்க, அவன் ட்ரையரைப் பிடிக்கட்டும். ஞாயித்துக்கிழமை காதுகுத்துன்னா சனிக்கிழமை மத்தியானம் வந்துடுங்க, சாயந்திரம் கூட்டம் தாங்காது.

லாஸ்பேட்டைப்பொண்ணு | வெள்ளி, காலை 9.24

மீசையை மட்டும் விட்டுடுங்க அங்கிள், ப்ளீஸ் 😂